சலேத்து மைனியோடு நடந்த தீவு

நம்புகிறவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நம்பாதவர்கள் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி உட்காருங்கள். இரண்டு பேருக்கும் கதை ஒன்றுதான், யாருக்காகவும் நான் கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன். எங்க ஊர் மரியந்துறை. மாதா கோயிலின் பின்வாசலில் தொடங்கி, கடலோர மேட்டின் முதுகு வழியாகவே போய், லைட் ஹவுஸ் அடியில் முடிகிற நடைபாதை ஒன்று இங்கே இருக்கிறது. காட்டிலாகாக்காரர்கள் கல் பதித்துப் போட்டது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, நிறைகுடத்தைத் தலையில் வைத்து நடந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. ஒரு பக்கம் உடைமரங்கள், மறுபக்கம் கீழே கடல், பாதி வழியில் காலாற உட்கார ஒரு சிமெண்ட் பெஞ்சு. அந்தக் கடலில்தான் கடல் உயிர்களுக்கான காப்பகம் இருக்கிறது. வெயில் சாய்ந்த நேரத்தில் மேட்டில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு அடியில் பவளப்பாறைகள் கறுப்புக் கறுப்பாகத் தெரியும், பாடப்புத்தகத்தில் கடல்பசு என்று போட்டிருக்கிற ஆவுளியா, புல் மேய்ந்த வாயோடு மூச்சு வாங்க மேலே வரும், அதற்கும் அப்பால், லைட் ஹவுசுக்கு நேர் எதிரே, தாழைத்தீவு கிடக்கும்.

தீவில் மனிதக் கால் படக்கூடாது. சுற்றிலும் வெள்ளை மிதவைகளைக் கட்டி மிதக்கவிட்டிருக்கிறார்கள். மிதவைக்கு உள்ளே வள்ளம் போகக்கூடாது, வலை விழக்கூடாது, பாசி பறிக்கக்கூடாது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் நானும் சலேத்து மைனியும் அங்கேயேதான் பழியாகக் கிடந்தோம். மைனி என் அண்ணன் தஸ்நேவிசின் பெண்டாட்டி; என் பெயர் பிரகாசி; என் வீட்டுக்காரர் இன்னாசியும் அண்ணனும் ஆளுக்கொரு வள்ளம் வைத்துத் தொழில் பார்க்கிறவர்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, விரலில் துணி சுற்றிக்கொண்டு, முங்கி முங்கிப் பாறையிலிருந்து பாசி பறித்துச் சாக்கில் திணிப்போம். மத்தியானம் தீவு மணலில் ஏறித் தூக்குச்சட்டியைத் திறப்போம். திறந்ததும் மைனி முதல் கைச் சோற்றை மணலில் வைத்து "இந்தா, நீயும் தின்னு" என்று தீவிடம் சொல்வாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்வார்கள், ஆனால் மற்றவர்கள் ஓரத்துச் சோற்றை வைப்பார்கள், மைனி குழம்பு ஊற்றிப் பிசைந்து வைப்பாள். அவள் அப்படி.

சட்டம் வந்து வேலை நின்ற பிறகு மைனிக்குச் சுகர் வந்தது. கரையில் சிப்பி குத்திய சின்னக் காயம் ஆறாமல் ஆறாமல் பெரிதாகி, வலது காலில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாகிப் போனது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்ல மாதிரி, அவர் மைனியின் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்து, "ரத்தம் ஓடணும்மா. செருப்புப் போட்டுக்கிட்டு, சமதரையில, தினமும் நடங்க. ஓட வேணாம், ஏற வேணாம், அளவா நடங்க. நடக்கலேன்னா மிச்சக் காலையும் என்கிட்ட கொண்டுவர வேண்டியிருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். சமதரை என்றால் ஊரில் அந்த நடைபாதை ஒன்றுதான். மற்றதெல்லாம் கால் புதைகிற மணல், அதைவிட்டால் லாரி ஓடுகிற ரோடு.

ஆனால் எங்க ஊர்ப் பெண்கள் சும்மா நடக்கமாட்டார்கள். தலையில் கூடை இருக்கும், இடுப்பில் குடம் இருக்கும், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிள்ளையாவது இருக்கும். வெறுங்கையை வீசிக்கொண்டு போகிறவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள், இல்லையென்றால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர்கள். முதல்நாள் மைனி வெறுங்கையோடு நடந்ததும் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன சலேத்து, தஸ்நேவிஸ் கை நீட்டிட்டானா?" என்று கேட்டு அவள் உயிரை எடுத்துவிட்டார்கள். என் அண்ணனோ எறும்பைக்கூட அதட்டமாட்டான், பேசுவதே அபூர்வம், அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் ஒரு கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துவிடலாம். மறுநாளிலிருந்து மைனி காலிக் கூடை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள், நானும் இன்னொரு காலிக் கூடையோடு துணைக்குப் போனேன், ஊர் வாயை மூடிக்கொண்டது.

மாசி மாதத்துச் சாயங்காலம், கடல் எண்ணெய் தடவியதுபோல அலையில்லாமல் கிடந்தது. லைட் ஹவுஸ் வரைக்கும் போய்த் திரும்பினோம். நாங்கள் திரும்பியதும் தீவும் திரும்பியது. தாழம்புதர்களோடு, வெள்ளை மணலோடு, மேலே உட்கார்ந்திருந்த கொக்குகளோடு, ஒரு இலைகூட அசையாமல், மைனியின் நடைக்குச் சரியான நடையில் எங்களுக்குப் பக்கவாட்டில் வந்தது. அவள் விந்தி ஒரு எட்டு வைத்தால் அதுவும் விந்தி ஒரு எட்டு வைத்தது. பின்னாலேயே வெள்ளை மிதவைகள், தாய்க்கோழி பின்னால் குஞ்சுகள் வருகிற மாதிரி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன.

"மைனி, தீவு கூட வருதுல்லா" என்றேன்.

அவள் கூடையைச் சற்றே தூக்கி எட்டிப் பார்த்தாள். "வரட்டும்ட்டி. எம்புட்டு நாளா ஒரே எடத்துல கெடக்கு, அதுக்கும் சுகரு இருக்கும்போல."

பெஞ்சில் உட்கார்ந்தோம், தீவு நின்றது. எழுந்தோம், கிளம்பியது. கோயிலுக்கு எதிரே வந்ததும் மைனி செருப்பைத் தட்டி மண் உதறிவிட்டு வீட்டுக்குப் போனாள், தீவு அங்கேயே கடலில் நின்றுகொண்டது. வள்ளத்து நிழலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் நிமிர்ந்து பார்த்து, "தீவு வந்திருக்கு" என்றார்கள், "யாரு கூட்டியாந்தா?" என்றார்கள், "சலேத்து" என்றதும் சரி என்று அடுத்த சீட்டைப் போட்டார்கள்.

மறுநாள் காலையில்தான் விவகாரம் விளங்கியது. வள்ளங்களை இறக்கப் போனால், மிதவைகள் கோயில் படிக்கு நேர் எதிரே வந்து நிற்கின்றன. ஊர்க் கடல் முழுக்கக் காப்பகத்துக்குள் போய்விட்டது. காட்டிலாகா வாச்சர் முத்துமாலை உள்நாட்டுக்காரர், கடலைக் கிட்டத்தில் பார்த்தால் தலைசுற்றும் என்று எப்போதும் மேட்டிலேயே நிற்பவர். அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

"தீவு எங்க நிக்கோ, அதைச் சுத்தித்தான் சட்டம்" என்றார் அவர். "அது நடக்காதுன்னும் யாரும் எழுதல, நடக்கும்னும் யாரும் எழுதல. நான் என்னய்யா செய்யதுக்கு? நீங்க வள்ளத்தை எறக்குனா நான் பிடிக்கணும். என்னைப் பிடிக்க வைக்காதீய."

ஆக, வள்ளங்கள் மணலில் கிடந்தன, ஊர் தீவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பார்க்கப் பார்க்கப் பழகியும் போயிற்று. தீவோடு அதன் மீன்களும் வந்துவிட்டிருந்தன. பச்சையும் ஊதாவுமாகக் கிளிமீன்கள் கோயில் படியோரம் வந்து பாசி கொறித்தன, பூசைக்குப் போன பிள்ளைகள் சாமியாரைப் பார்க்காமல் அதையே பார்த்தார்கள். ஆவுளியா ஒன்று துணி துவைக்கிற துறையில் மூக்கை நீட்டி மூச்சுவிட, மிக்கேலம்மாள் அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "யாரோ ஆம்பிள பெருமூச்சு விட்டதுன்னுல்லா நெனச்சேன்" என்றாள். டவுனிலிருந்து கல்யாண ஜோடிகள் படம் பிடித்துக்கொள்ள வந்தார்கள். கறுத்த சட்டி ஓரத்தில் தாழம்பூ வாசனை ஏறி, எல்லார் வீட்டு ரசமும் ஒரே மணமாக மணந்தது. எல்லாம் சரிதான், ஆனால் கண்முன்னே துள்ளுகிற மீனை ஒருத்தரும் பிடிக்கமுடியவில்லை.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. கோயில் கோபுரத்தையும் தாழைத்தீவையும் கண்ணால் கோடு பிடித்துப் பார்த்துத்தான் எங்க ஆட்கள் கடலுக்கடியில் மீன் கூடுகிற பாறைத்திட்டு எங்கே என்று அறிவார்கள். பெரியபார் என்று அதற்குப் பேர். ஊருக்கே சோறு போடுவது அதுதான். கோடு பிடிக்கிற தீவே இடம் மாறினால்? என் வீட்டுக்காரர் லைட் ஹவுஸ் பக்கமாகச் சுற்றிக்கொண்டு தைரியமாகக் கடலுக்குப் போய், பழைய பழக்கத்தில் தீவைக் கோடு பிடித்து, எங்கேயோ சேற்றுக்காட்டில் வலையை விட்டு, வலை நிறையச் சேறு வாரிக்கொண்டு வந்தார். வந்தவர் தீவைத் திட்டவில்லை, என் மைனியைத் திட்டினார். நான் விடுவேனா? "அவ கால் போனா நீரு குடுப்பீரா?" என்று கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, எனக்கும் வீடு அமைதியாக இருந்தது.

ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் ஜெர்மானுஸ் பெரிய மீசைக்காரர், நல்லவர்தான், ஆனால் எதைச் சொன்னாலும் முடித்துவிட்டுத்தான் யோசிப்பார்.

"இந்தா பாரு சலேத்து, நடக்கணும்னா கோயில் காம்பவுண்டுக்குள்ள சுத்திச் சுத்தி நட. பாதைக்குப் போவாத."

மைனி காம்பவுண்டுக்குள் சுற்றி நடந்தாள். அங்கே கடலில் தீவும் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது. மாவாட்டுகிற உரல் மாதிரி அது சுற்றிய சுற்றில் தண்ணீர் கலங்கி மணலில் ஏறி, நங்கூரக் கயிறுகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு, கரையில் கிடந்த வள்ளங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஆம்பிளைகள் அலறியடித்துக்கொண்டு வந்து, "நிறுத்து தாயி, நிறுத்து" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடக்கிற நடையைத் தீவு கண்டுகொள்வதில்லை. கையை வீசி, மூச்சு விட்டு, உடம்புக்காக நடக்கிற நடை ஒன்றுதான் அதற்குக் கேட்டது.

"அப்போ நடக்கவே கூடாது" என்றார் ஜெர்மானுஸ். "தீவைக் கொண்டுபோய் அது எடத்துல விட்டுட்டு, ஆட்டோவுல ஏறி வீட்டுக்கு வந்து உக்காரு. ஊரு பொழைக்கணும்லா."

"என் காலு, மாமா" என்றாள் மைனி.

என் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனை உலுக்கலாம்போல ஆத்திரமாக வந்தது. ஆனால் அவன் வள்ளமும்தானே மணலில் கிடக்கிறது? மைனி எல்லார் முகத்தையும் ஒருதரம் பார்த்தாள், கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள், லைட் ஹவுஸ் வரைக்கும் நடந்து தீவை அதன் இடத்தில் கொண்டுபோய் விட்டாள். ஆட்டோவில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போது அது வாசலில் நின்று பார்க்குமே, அப்படித்தான் நின்றது தீவு.

வள்ளங்கள் கடலுக்குப் போயின. மைனி கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார உட்கார அவள் பாதம் வீங்கியது, விரல் எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் தோல் கறுத்துப் புண் ஒன்று வாய் திறந்தது. டவுனுக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நடந்தீங்களா?" என்று கேட்டார். மைனி என்னைப் பார்த்தாள். நான், "தீவு வருது டாக்டர்" என்றேன். அவரும் கடலோரத்துப் பிள்ளைதான், அதனால் ஆச்சரியப்படவில்லை, கோபப்பட்டார். "வந்தா வரட்டுமே! இப்படியே உக்காந்திருந்தா அடுத்தது விரலோட நிக்காது, முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்" என்றார். பஸ்சில் வரும்போது மைனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒத்தைக் காலோட நான் என்னட்டி செய்வேன்" என்று மட்டும் கேட்டாள்.

இதற்கு நடுவே வெளியூர் விசைப்படகுகள் வந்தன. அவை கரையோரம் வரக்கூடாது என்று சட்டம் உண்டு, யார் கேட்டது? கடல் தரையோடு தரையாக மடி என்கிற பைவலையை இழுத்து, குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகும்; அவை போன இடம் வாரியல் போட்டுக் கூட்டின வாசல்தான், ஒன்றும் மிச்சமிருக்காது. எங்க ஆட்கள் கத்திப் பார்த்தார்கள், கல்லெறிந்து பார்த்தார்கள், மனுக் கொடுத்தும் பார்த்தார்கள். அப்போதுதான் என் வீட்டுக்காரர், சேற்றை வாரி வந்தாரே அவரேதான், ஒன்றைக் கவனித்துவிட்டு வந்து சொன்னார்: "தீவு கோயிலுக்கு முன்னால பெரியபாரை மறிச்சுக்கிட்டு நின்னப்போ ஒரு விசைப்படகாவது அந்தப் பக்கம் வந்துச்சா? வரல. வந்தா தீவோட பாறையில மடி கிழியும், முத்துமாலை படகையே பிடிச்சிருவாரு. நம்மளைத் தடுத்த சட்டம் அவனுவளையும் தடுத்துச்சுல்லா?"

ஊர் மூக்கில் விரலை வைத்தது. அன்று மத்தியானமே ஜெர்மானுஸ் மாமா, மீசையைத் தடவிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மைனி வீட்டு வாசலில் நின்றார். பிறகு சுகருக்கு வாழைப்பழம் ஆகாது என்று ஞாபகம் வந்து அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சலேத்து, செத்த நடந்துட்டு வாறியா தாயி?"

அப்படித்தான் மைனியின் நடை ஊர் நடையானது. விடியலில் எங்க ஆட்கள் பெரியபாரில் வலை விடும்போது தீவு லைட் ஹவுஸ் பக்கம் நிற்கும். அவர்கள் வலையை இழுத்து வாங்கிக்கொண்டு கரையேறியதும் மைனி ஆட்டோவில் லைட் ஹவுசுக்குப் போய்ப் பாதையில் இறங்குவாள், தீவு அவள் கூடவே வந்து பெரியபார்மேல் காவலுக்கு நின்றுகொள்ளும், விசைப்படகு தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். சாயங்காலம் அவள் மறுபடி நடந்து அதை லைட் ஹவுசில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்புவாள். நடந்ததில் ரத்தம் ஓடி, கறுப்பு வெளுத்து, புண் வாய் மூடத் தொடங்கியது. நான் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். ஊரோ அவள் காலை ஊர்ச் சொத்தாக எடுத்துக்கொண்டது. டீக்கடையில் அவளுக்குச் சீனி போடக்கூடாது என்று கமிட்டி உத்தரவு. கல்யாண வீட்டில் பாயச வாளி அவள் வரிசைக்கு வந்தால் பரிமாறுகிறவன் குதித்துத் தாண்டினான். ஒருநாள் ஆசைப்பட்டு அவள் சீனிப்பாகில் ஊறின முட்டாசு ஒன்றை வாங்கித் தின்றதை யாரோ பார்த்துவிட, பூசை முடிந்ததும் அறிவிப்பில் சாமியார் பேர் சொல்லாமல் கண்டித்தார். "சேசு மரி சூசையே, ஒரு முட்டாசுக்கா இம்புட்டு?" என்று மைனி சிரித்தாள். சிரித்தாலும், ஊரே தன் நடையைப் பார்த்து நிற்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. தலையில் இருந்த காலிக் கூடையை எப்போதோ வீட்டில் வைத்துவிட்டிருந்தாள்.

அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது. விசைப்படகுக்காரனும் சும்மா இருப்பானா, இந்தப் பக்கம் தீவு நின்றால் அந்தப் பக்கம் வந்தான், அந்தப் பக்கம் நின்றால் இந்தப் பக்கம். கமிட்டி ஆள் அனுப்பும்: "அக்கா, லைட் ஹவுஸ் தாண்டி முனைக்கு வந்துட்டான், ஒரு நடை." போவாள். "மைனி, மறுபடி பெரியபாருக்கு வந்துட்டான், ஒரு நடை." திரும்புவாள். கல் பதித்த பாதை லைட் ஹவுசோடு சரி. அதற்கப்பால் முனை வரைக்கும் சுடுமணலும் சிப்பியும். அளவாக நட என்று சொன்ன டாக்டரம்மாவை ஊர் மறந்தது, மைனியும் மறந்தாள். செருப்புக்குள் புண் மறுபடி திறந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்கள் எல்லாம், "எங்க வரைக்கும் நடப்ப?" என்றும், "எப்போ நடப்ப?" என்றும்தான் கேட்டோம். நானும் அப்படித்தான் கேட்டேன்.

ஒருநாள் முற்பகலில் முனையிலிருந்து திரும்பி வரும்போது பாதி வழிப் பெஞ்சில் மைனி உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. தீவும் நின்றுவிட்டது. அங்கே பெரியபாருக்கு மேலே மூன்று விசைப்படகுகள் வரிசை கட்டி மடி இறக்கிக்கொண்டிருப்பது மேட்டிலிருந்து நன்றாகத் தெரிந்தது. புகை வாசம்கூட வந்தது. செய்தி போய், பாதையெங்கும் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"ஒரு எட்டு சலேத்து, ஒரே ஒரு எட்டு" என்றார் ஜெர்மானுஸ்.

"முடியல மாமா."

உடனே மாதா சப்பரம் தூக்குகிற கம்புகள் வந்தன. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அதில் கட்டி, மைனியை உட்காரவைத்து, திருவிழாவில் மாதாவைத் தூக்குகிற அதே தோள்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடின. தீவு அசையவில்லை. திரும்பித் தூக்கிவந்தார்கள். அசையவில்லை. அதற்கு அவள் கால் வேண்டும். மற்றவன் தோளெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆட்கள் நாற்காலியைப் பெஞ்சுப் பக்கத்தில் இறக்கிவிட்டு, வேர்த்து ஒழுகிக்கொண்டு, கடலையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்து நின்றார்கள். ஒருத்தி, யாரென்று சொல்லமாட்டேன், "முட்டாசு தின்னா இப்படித்தான்" என்று முணுமுணுத்தாள்.

அப்போது என் அண்ணன் கீழிருந்து மேட்டில் ஏறி வந்தான். வலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கவேண்டும், கைலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்க்கவில்லை, படகுகளைப் பார்க்கவில்லை. மைனிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான், அவள் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்தான், செருப்பைக் கழற்றினான். உள்ளே ரத்தம் உறைந்து தோலோடு ஒட்டியிருந்தது.

"வலிக்குதா, சலேத்து?" என்றான்.

மைனி அழுதாளே ஒரு அழுகை. விரல் எடுத்தபோது அழாதவள், முழங்கால் என்று டாக்டரம்மா சொன்னபோது அழாதவள், சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து ஓவென்று அழுதாள். "வலிக்கு. ரொம்ப வலிக்கு. ஒவ்வொரு எட்டுக்கும் வலிக்கு" என்றாள். மேட்டில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டோம். ஜெர்மானுஸ் மாமா மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். எனக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம்போல இருந்தது.

அண்ணன் தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் காலைச் சுற்றினான். சுற்றிக்கொண்டே, நிமிராமல், ஊருக்குச் சொன்னான்: "பெரியபார் போனா போகட்டும். நாளையிலேர்ந்து இவ நடை இவளுக்குத்தான். ஒருத்தனும் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கப்படாது."

அவன் பேசிக் கேட்ட பேச்சிலேயே நீளமான பேச்சு அதுதான். அந்தப் பேச்சால்தான் இன்றைக்கும் என் மைனிக்கு இரண்டு கால் இருக்கிறது. ஆறும் வரைக்கும் அவன் அவளைத் தரையில் கால் ஊன்றவிடவில்லை, அதற்குப்பிறகு அளவுக்கு மேலே நடக்கவிடவில்லை, டாக்டரம்மாவும் கத்தியை எடுக்கவில்லை. அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குப் பெரியபார் கண்முன்னே போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், ஆனால் எட்டு வை என்று அவளிடம் கேட்க ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை.

அப்போதுதான் முத்துமாலை, "அங்கன பாருங்க" என்றார்.

தீவு கிளம்பியிருந்தது. மைனி உட்கார்ந்தேதான் இருந்தாள், அவள் பாதம் என் அண்ணன் மடியில்தான் இருந்தது, தீவு மட்டும், தாழம்புதர்களோடு, வெள்ளை மணலோடு, கொக்குகளோடு, தனியாக நடக்கத் தொடங்கியது. பழக்கமில்லாத நடை, எட்டு எடுத்து வைக்கும், தயங்கும், திரும்பி இந்தப் பெஞ்சைப் பார்க்கிற மாதிரி நிற்கும், மறுபடி ஒரு எட்டு வைக்கும், மிதவைகள் வழி தெரியாமல் முட்டி மோதிக்கொண்டு பின்னால் போகும். பெரியபாரை நோக்கித்தான் போனது. விசைப்படகுகளில் ஆட்கள் எழுந்து நிற்பதும், மடியை அவசர அவசரமாக மேலே வாங்குவதும் தெரிந்தது. மேட்டில் நின்றவர்களில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள், யாரோ சிரித்தார்கள்.

மைனி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கழுத்தை எக்கி, கடலுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"மெள்ளப் போ! யாருக்காவவும் அவசரப்படாத. வலிச்சா அங்கனயே உக்காந்துக்கோ!"